பந்தல் போட ஒரு மேல்முறையீடு

1

எங்கள் முட்டுச்சந்தில் மேல்முறையீடு எழுதிக் கொடுக்கும் ஆள் இப்போது நான்தான். நானாகத் தேடிக்கொண்ட பதவி இல்லை. நேற்று மாலை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை முடிந்து, கிள்ளான் வரை ரயிலில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் மூன்றாவது வீட்டுக் கமலா அக்கா கையில் ஒரு கடிதத்தை விசிறிக்கொண்டே கேட்டைத் தள்ளி உள்ளே வந்துவிட்டார்.

“சாந்தி, நீ நல்லா ரயுவான் எழுதுவியாமே. எனக்கு ஒண்ணு எழுதிக் குடு லா.”

ரயுவான் என்றால் மலாய் மொழியில் மேல்முறையீடு. கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே கூரையை நீட்டிக்கொள்ள அக்கா விண்ணப்பித்திருந்தார். நகர மன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது.

“என்ன காரணம்க்கா?” என்று கேட்டேன்.

“காரணமா? அவரு போயிட்டாரு. எனக்கு முட்டி வலி. மகன் ஜொகூர்ல இருக்கான். மழையில நனைஞ்சா சளி புடிச்சுக்குது. எல்லாத்தயும் எழுது. படிக்கிறவன் அழணும்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. முட்டி வலியைப் பார்த்துச் சிரிக்கிறவள் என்று நினைத்திருப்பார். அப்படி இல்லை. போன வருடம், என் மகள் திவ்யாவின் கல்யாணத்தின்போது, நானும் இதையேதான் செய்தேன். படிக்கிறவன் அழ வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் கூத்தை ஊரில் இருக்கும் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சர்க்கார் ஆபீசில் ‘முடியாது’ என்று வாங்கி வருகிற யோகம் எந்த நாட்டில் இருப்பவருக்கும் வாய்க்கும்.

2

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். கல்யாணம் செய்துகொண்டு கிள்ளானுக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் சேகர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் எந்த லோரி எந்தக் கண்டெய்னரை எப்போது எடுக்க வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலை. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் தமிழ்ப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். ஊரார் வீட்டுக் கல்யாணத்தையெல்லாம் ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று கூட்டி வைப்பது என் பிழைப்பு.

எங்களுக்கு இருப்பது ஒரே பெண். திவ்யா கோலாலம்பூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் தமிழில் ஒரு கேள்வி கேட்டால் பதில் ஆங்கிலத்தில், இல்லாவிட்டால் பாதி ஆங்கிலத்தில் வரும். ரசத்தில் உப்பு போதுமா என்று கேட்டால் ‘இட்ஸ் ஃபைன்’ என்பாள். விருதுநகரில் இருக்கும் என் அப்பா வீடியோவில் வரும்போதெல்லாம் ‘ஹாய் தாத்தா’ என்று கையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அப்பாவும் ‘நல்லா இருக்கியா தாயி’ என்று கேட்பார். பதில் வருவதற்குள் பிள்ளை அடுத்த அறைக்குப் போயிருக்கும்.

இப்படி இருந்தவள், கல்யாணம் நிச்சயமானதும் ஹோட்டல் மண்டபம், ஹோட்டல் சாப்பாடு, பூ அலங்காரம் என்று எல்லாவற்றையும் மாப்பிள்ளையும் அவளுமாகப் போனிலேயே முடித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு அங்கே போய்விடுவாள். பெற்றவள் என்று எனக்குக் கிடைத்த பொறுப்பு, என் புடவையின் நிறம் அலங்காரத்தோடு இடிக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“மா, நலங்கு மட்டும் வீட்ல வைக்கலாமா? ரோட்டுல. கெனோப்பி போட்டு.”

இங்கே தமிழர் வீட்டு விசேஷம் என்றால் வாசலுக்கு முன்னால் சாலையிலேயே கூடாரம் போட்டு நாற்காலி விரிப்பார்கள். அந்தக் கூடாரத்தைத்தான் கெனோப்பி என்கிறாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணை உட்கார வைத்துச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கை மஞ்சளும் சந்தனமும் பூசுவதுதான் நலங்கு.

“ஏன் திடீர்னு?” என்றார் சேகர்.

“சின்ன வயசுல எல்லார் வீட்டு முன்னாலயும் போட்டாங்க. நம்ம வீட்டு முன்னால மட்டும் போட்டதே இல்ல. ஐ ஜஸ்ட் வான்ட் இட்.”

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அதுவே மலைபோல் இருந்தது. பிறந்ததிலிருந்து இந்தப் பெண் என்னிடம் கேட்ட ஒரே தமிழ்ச் சமாச்சாரம் அது. தலையை அடமானம் வைத்தாவது செய்து கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

3

விருதுநகரில் பந்தல் போடுவதற்கு என்ன வேண்டும்? பந்தல்காரர் வேண்டும். சாலை யாருடையது என்று அங்கே எவரும் கேட்பதில்லை. பேருந்து வந்தால் அது சுற்றிக்கொண்டு போகும். போலீஸ்காரர் வந்தால் ஓர் இலை சேர்த்துப் போடுவோம்.

இங்கே அது நடக்காது. நகர மன்றத்தில் அனுமதி வாங்க வேண்டும். எந்த இடம், எவ்வளவு அகலம் என்று படம் போட்டுக் கொடுக்க வேண்டும். சாலையை மறிப்பதால் பாதிக்கப்படும் அக்கம்பக்கத்தாரிடம் சம்மதக் கையெழுத்தும் வாங்க வேண்டும். நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சந்து முழுக்கச் சுற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். போன வீட்டிலெல்லாம் காப்பி. கையோடு கல்யாணத்துக்கும் சொல்லிவிட்டு வந்தேன். இப்படிப்பட்ட விண்ணப்பத்தை யார் மறுப்பார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொடுத்தேன்.

மறுத்துவிட்டார்கள். கடிதத்தின் முதல் சொல்லே ‘டுக்காசித்தா’. வருந்துகிறோம் என்று பொருள். இந்த நாட்டு ஆபீஸ் கடிதத்தில் அந்தச் சொல்லைக் கண்டால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். நானும் படிக்கவில்லை. அதுதான் என் முதல் முட்டாள்தனம்.

சாயங்காலம் திவ்யாவிடம் சொன்னேன்.

“நெவர் மைண்ட் மா. ஹோட்டல்லயே ஒரு சின்ன ரூம்ல வச்சுக்கலாம். இட்ஸ் ஓக்கே.”

அறைக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்தினாள். கோபமோ சந்தோஷமோ, படாரென்று சாத்துகிறவள். மெதுவாகச் சாத்தினால் மனசு விட்டுப்போயிற்று என்று அர்த்தம்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில், இரண்டு வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்தது. சேகர்தான் காட்டினார். எனக்கு உடனே உயிர் வந்துவிட்டது. மேல்முறையீடா? அது எங்கள் குலத்தொழில் ஆயிற்றே!

என் அப்பா விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவர் மேசை முன்னால் வரிசை நிற்கும். அவர் கை பட்டால் இரண்டு லாரி வைத்திருப்பவர்கூட ‘அன்றாடம் கூலி வேலை செய்து பிழைக்கும் ஏழை எளியவன்’ ஆகிவிடுவார். இரண்டு பெண்டாட்டிக்காரர் ‘ஆதரவற்றவர்’ ஆவார். அன்று மாலையே அப்பாவை வீடியோவில் பிடித்தேன்.

“அப்பா, பந்தல் போடக் கூடாதுங்கறாங்க. மேல்முறையீடு எழுதணும்.”

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலையை விட்ட பிறகு அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“மொதல்ல வணக்கத்தப் போடு தாயி. அடுத்தாப்புல கஷ்டத்தப் போடு. ஒண்ணு ரெண்டு போதாது, வரிசையாப் போடணும். ஆபீசர் படிக்க மாட்டான், கையில எடுத்து எடை பாப்பான். கனம் இருக்கணும். கடைசியில நகல் போடு. மேல எத்தன பேரு இருக்கானோ அத்தன பேருக்கும் போடு. அப்பத்தான் பயப்படுவான்.”

அப்பா சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதினேன். தாய்மண்ணைப் பிரிந்து கடல் கடந்து வாழும் அபலை என்று தொடங்கினேன். சேகரின் சர்க்கரை வியாதி, என் தைராய்டு, எப்போதோ இறந்துபோன என் மாமியாரின் கடைசி ஆசை என்று ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒரே மகள், அவளும் சிங்கப்பூர் போகிறாள் என்று எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. அதையெல்லாம் போனில் இருக்கும் மொழிபெயர்ப்பில் போட்டு மலாயாக மாற்றினேன். நகல் பட்டியலில் பிரதமர் அலுவலகம் வரை போனேன்.

சேகர் படித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“சாந்தி, என்னா இது? ஒரு கெனோப்பிக்குப் பிரதமரா?”

“நீங்க சும்மா இருங்க. எங்கப்பா எழுதின மனு ஒண்ணுகூடத் தோத்ததில்ல.”

இதுவும் பொய்தான். ஜெயித்தவர்கள் மட்டும்தான் திரும்பி வந்து அப்பாவுக்கு மிக்சர் வாங்கிக் கொடுப்பார்கள். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

4

மன்ற ஆபீசில் முகப்பில் இருந்த அதிகாரி ஒரு மலாய்ப் பெண். ஃபரிடா என்று பெயர்ப்பட்டை. திவ்யாவைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். என் மனுவை எடை பார்க்கவில்லை. உட்கார்ந்து முழுவதையும் படித்தாள். அப்பாவின் சாஸ்திரம் அந்த இடத்திலேயே ஆட்டம் கண்டுவிட்டது.

படித்து முடித்ததும் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, என் மாமியார் எப்போது இறந்தார் என்று மலாயில் கேட்டாள். திவ்யா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் என்றேன். ஓ, என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, சாலைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று மிக மரியாதையாகக் கேட்டாள். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

பிறகு காகிதங்களை அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

“புவான், செரித்தா அடா. ஜவாப்பான் தாக் அடா.”

அம்மா, கதை இருக்கிறது, பதில் இல்லை என்கிறாள். என் மலாய் பாசாரில் மீன் வாங்குகிற மலாய். அதற்கே அது தெளிவாகப் புரிந்துவிட்டது.

மறுப்புக் கடிதத்தை விரித்து, நடுவில் இருந்த இரண்டு வரிகளின் மேல் பேனாவை வைத்தாள். நான் படிக்காமல் தாண்டிய வரிகள். ஒன்று, இது முட்டுச்சந்து, கூடாரம் சாலையின் முழு அகலத்தையும் அடைக்கிறது, அதைத் தாண்டி இருக்கும் வீட்டுக்கு அவசர வண்டி போக வழியில்லை. இரண்டு, அந்த வீட்டுக்காரரின் கையெழுத்து இல்லை.

“நீங்கள் அழுதிருப்பதை நான் நம்புகிறேன். ஆனால் நான் என் மேலதிகாரியிடம் கொண்டுபோனால் அவர் இந்த இரண்டைத்தான் கேட்பார். இன்னும் நாள் இருக்கிறது. இதை எடுத்துக்கொண்டு போய் வேறே எழுதி வாருங்கள்” என்றாள். கடைசியில், மகளுக்கு வாழ்த்து என்றும் சொன்னாள்.

ரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸ் போகிற வழியெல்லாம் எனக்குக் கடுகடுவென்றிருந்தது. எத்தனையோ கல்யாணப் பத்திரிகையில் பிழை பிடித்தவளுக்கு ஒரு சின்னப் பெண் பிழை பிடித்துக் காட்டிவிட்டாள்.

5

இப்போது உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். நேற்றுக் கமலா அக்காவுக்குச் சொன்னதும் இதைத்தான்.

மேல்முறையீடு என்பது கும்பிடு இல்லை, சண்டையும் இல்லை. முடியாது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஏன் முடியாது என்றும் சொல்லியிருக்கிறார். அந்த ‘ஏன்’ இருக்கிறதே, அதுதான் கேள்வித்தாள். நாம் எழுதுவது விடைத்தாள். நீங்கள் சொன்ன காரணம் தப்பு, இதோ ஆதாரம் என்று சொல்லலாம். அல்லது நீங்கள் சொன்னது சரிதான், ஆனால் அந்தக் குறையை இப்போது இப்படிச் சரிசெய்துவிட்டோம் என்று சொல்லலாம். அல்லது முதல் தடவை நாங்கள் சொல்லாமல் விட்ட சங்கதி ஒன்று இருக்கிறது, அதையும் பாருங்கள் என்று சொல்லலாம். இந்த மூன்றில் எதுவும் இல்லாமல் எழுதினால் அது கடிதம், மேல்முறையீடு இல்லை.

காரணம் என்னவென்று கடிதத்தில் போடவில்லையா, போய்க் கேளுங்கள். கேட்பது தப்பில்லை. கெடு எந்தத் தேதி என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் எவ்வளவு நல்ல பதிலும் கெடு தாண்டினால் செல்லாது. சொல்வதற்கு ஆதாரத்தைப் பின்னால் வையுங்கள். முட்டி வலி காரணத்தோடு சம்பந்தப்பட்டால் எழுதுங்கள், டாக்டர் சீட்டோடு. சம்பந்தம் இல்லாவிட்டால் முட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் நாம் புலம்ப ஆரம்பித்துவிட்டோம் என்று அர்த்தம்.

சரி, என் விடைத்தாளுக்கு வருகிறேன். சந்து முழுக்கக் கையெழுத்து வாங்கினேன் என்றேன் அல்லவா? முழுக்க இல்லை. எங்கள் வீட்டைத் தாண்டிச் சந்தின் அடியில் ஒரே ஒரு வீடு உண்டு. அதில் வோங் அங்கிள் என்று ஒரு சீனர் தனியாக இருக்கிறார். அவரிடம் மட்டும் போகவில்லை. விரோதம் ஒன்றுமில்லை. எங்களுக்கும் அந்த வீட்டுக்கும் மொய், செய்முறை கிடையாது. அவர் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்ததில்லை, நாங்கள் அவர் வீட்டுக்குப் போனதில்லை. எங்கள் ஊர்ப் பழக்கப்படி செய்முறை உள்ள வீட்டுக்குத்தான் முறையாகப் போய்ச் சொல்ல வேண்டும். நான் சம்மதக் கையெழுத்து வாங்கியதை, மஞ்சள் தடவிய பத்திரிகை வைப்பது மாதிரி வேண்டியவர்கள் வீடாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன். பந்தலால் வழி அடைபடப் போகிற ஒரே வீடு அவருடையது. அவரைத் தவிர, ஒரு கஷ்டமும் படாத அத்தனை பேரும் சம்மதித்திருந்தார்கள்!

மறுநாள் மாலை கூச்சத்தோடு போய் அவர் கேட்டில் நின்றேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். என் மீன்கடை மலாயைத் திரட்டி ‘செலாமாட் பெதாங் அங்கிள்’ என்று மாலை வணக்கம் சொன்னேன்.

“வா மா. உள்ள வந்து உக்காரு” என்றார் தமிழில்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

“நா எஸ்டேட்ல மளிகக் கட வச்சிருந்தேன் மா. எல்லாம் தமிழாளுங்கதான். தமிழ் பேசலன்னா எப்படி யாவாரம்?” என்று சிரித்துவிட்டு, “ஒங்க நாத்தனாரு இப்ப சண்ட போடறது இல்லியா?” என்று கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. வீட்டு வம்பை வீட்டுக்குள் பேசினால் சேகர் காதில் விழும். அதனால் இத்தனை காலமும் அவர் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுதான் விருதுநகருக்குப் பேசுவேன். சீனர்தானே, என்ன புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு நான் அங்கே நின்று அலசாத குடும்ப விவகாரம் இல்லை. மனுஷர் வாசலில் நாற்காலி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் நாத்தனாரின் குணம் என் வீட்டுக்காரரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கையை நீட்டிக் காட்டினார். ஊசி குத்திக் குத்திக் கயிறு மாதிரி புடைத்திருந்தது. சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போகிறார். ஒரு வேன் வந்து கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடும்.

“மன்றத்துல இருந்து ஆளு வந்து கேட்டாங்க. நா வேணாம்னு சொல்லல மா. கல்யாணம் நல்லதுதான். வேன் எப்படி உள்ள வரும்னு கேட்டேன். திரும்பி வரப்போ எனக்கு நிக்க முடியாது. ரோட்டு முனையில எறக்கி விட்டா நடக்க முடியாது.”

நலங்கு சனிக்கிழமை. அவர் வேன் திரும்பி வருவது சரியாக விளக்கேற்றுகிற நேரம். அந்த வேனை நான் வாரம் தவறாமல் பார்த்திருக்கிறேன். யார் வீட்டுக்கு, எதற்கு வருகிறது என்று யோசித்ததே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

6

வீட்டுக்கு வந்து சேகரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளும் கல்யாண வேலையில் தனக்கு ஒரு பங்கும் இல்லை என்று உள்ளுக்குள் ஏக்கம் போல.

“இவ்ளோதானே? நாப்பதடி கண்டெய்னரயே துறைமுகத்துல திருப்புறவன் நானு. ஒரு வேன் போறதுக்கு வழி விட மாட்டனா?”

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சாலையில் இறங்கினார். அவர் போட்ட படத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கூடாரம் குறுக்கே இல்லை, நீளவாக்கில் சாலையின் ஒரு பாதியில் மட்டும். மறுபாதி காலி. வேன் எப்படி நுழையும், எங்கே திரும்பும் என்று அம்புக்குறி. விருந்தாளிகளின் கார் ஒன்றுகூடச் சந்துக்குள் வரக் கூடாது, பெரிய சாலையில் இருக்கும் திடலில்தான் நிறுத்த வேண்டும் என்று குறிப்பு. வோங் அங்கிள் படத்தைக் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

புது மேல்முறையீடு ஒரே பக்கம். நீங்கள் சொன்ன முதல் காரணத்துக்குப் பதில் இது, படம் இணைப்பில். இரண்டாவது காரணத்துக்குப் பதில் இது, கையெழுத்து இணைப்பில். நன்றி. அவ்வளவுதான். நகல் யாருக்கும் இல்லை. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது.

“ஒரு கஷ்டம்கூட இல்லயே தாயி. இதப் படிச்சுட்டு எவன் குடுப்பான்?”

கொடுத்தார்கள். ஃபரிடா முழுவதையும் படித்து, இணைப்பைப் புரட்டிப் பார்த்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். நிபந்தனையோடு அனுமதி வந்தது. பாதிச் சாலைதான். வழி மறிபட்டால் அந்த நிமிஷமே கூடாரத்தைப் பிரிக்க வேண்டும். கடிதத்தைத் திவ்யாவிடம் நீட்டினேன். படித்துவிட்டு ‘நைஸ்’ என்றாள். பழையபடி கதவைப் படாரென்று சாத்தினாள், உள்ளே பாட்டு ஒலித்தது. எனக்கு அது போதும்.

சனிக்கிழமை வந்தது. வெள்ளைக் கூடாரம், வண்ண விளக்கு, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் அலைந்து எடுத்த மஞ்சள் பட்டு. திவ்யா மணையில் உட்கார்ந்திருக்க, சேகரின் சொந்தக்காரப் பெண்கள் வரிசையில் வந்து மஞ்சள் பூசினார்கள். ஊரிலிருந்து அப்பாவால் வர முடியவில்லை. வீடியோவில் பிடித்துப் பெண்ணுக்கு எதிரே ஒரு சொம்பில் சாய்த்து வைத்திருந்தோம். அவருக்கு ஒரு பக்கத்துக் கூடாரத் துணி மட்டும்தான் தெரிந்திருக்கும். அதையும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்து முனையில் ஹாரன் சத்தம் கேட்டது. வேன் வந்துவிட்டது.

எட்டிப் பார்த்தேன். காலியாக விட்ட பாதிச் சாலையில், செராஸில் இருக்கும் சேகரின் ஒன்றுவிட்ட தம்பி, திவ்யாவின் செராஸ் சித்தப்பா, தன் பெரிய காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அவர் நிறுத்தியதைப் பார்த்து அவர் பின்னால் இன்னும் சில பேர். திடலில் நிறுத்தச் சொல்லித் தனித்தனியாகப் போன் செய்திருந்தேன். சொந்தக்காரர்களுக்கு நிபந்தனை ஏது? சேகர் சாவியைத் தேடி ஒவ்வொருவரிடமும் ஓடினார். ‘ஒரு நிமிசம் லா’, ‘சாப்ட்டு எடுக்கறேன் லா’ என்று பதில் வந்தது. வேன் ஜன்னலில் வோங் அங்கிளின் தலை சாய்ந்து கிடந்தது. எனக்கு வாயே எழவில்லை. எழுதிக் கொடுத்த வார்த்தை என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

அப்போது மணை காலியானது. கன்னமெல்லாம் மஞ்சள் வழிய, பட்டுப் புடவையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு திவ்யா நடுச்சாலையில் வந்து நின்றாள்.

“யாருய்யா அது, நட்டநடு ரோட்டுல காரப் போட்டுட்டு வட தின்னுக்கிட்டு இருக்கறது? மனுசன் ஆஸ்பத்திரியில இருந்து வாராரு, கண்ணு தெரியல? அம்புட்டுப் பேருக்கும் தனித்தனியாப் போன் போட்டுச் சொன்னாங்கள்ல எங்கம்மா? எந்திரிங்க சித்தப்பா! எந்திரிங்கங்கறேன்! வடை எங்கயும் ஓடிப் போகாது!”

செராஸ் சித்தப்பா வடையை வாயில் கவ்விக்கொண்டு காரை நோக்கி ஓடினார். அவர் ஓடியதைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். திவ்யா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காராகப் பின்னால் போகும்வரை அங்கேயே நின்றாள். ‘ஒடிச்சுத் திருப்புங்க, ஒடிச்சு!’ என்று அதட்டினாள். வேன் மெதுவாக அவளைத் தாண்டிப் போனது. உள்ளே இருந்த வோங் அங்கிள் கையை லேசாக உயர்த்திச் சிரித்தார்.

அது என் வாய். என் வாயிலிருந்து வருகிற விருதுநகர்ச் சண்டை, ஒரு சொல்கூடச் சிதறாமல். நான் ஒருநாளும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு எங்கேயோ வைத்திருந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சொம்பில் சாய்ந்திருந்த போனிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

“ஏன் தாயி, கல்யாண வீட்ல இப்படிக் கத்துற? ஊரு பூரா கேக்குதே.”

போனைக் கையில் எடுத்தேன். “நான் இல்லப்பா. திவ்யா.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“இன்னொருக்கா அவளச் சொல்லச் சொல்லு தாயி” என்றார். “கேப்போம்.”